கூரையைப் பிரித்தவர்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



திருவிழாவுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே நம் பங்குகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். கொடியேற்றுபவர் யார், நவநாள் மறையுரைகளுக்கு எந்தெந்தப் பங்குத்தந்தையர் வருகிறார்கள், எந்த நாளை எந்த அன்பியம் சிறப்பிக்கிறது, தேர்பவனி எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதெல்லாம் முடிவாகி, அறிக்கை சிவகாசிக்கு அச்சுக்குப் போகும். அண்மைக் காலமாக அந்த அறிக்கையின் கடைசி வரியில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ‘நேரலை உண்டு’ என்று போடுவதா, வேண்டாமா?

பங்குப் பேரவையில் இதற்கு ஒரே பதில் கிடைப்பதில்லை. “நேரலைன்னு போட்டா வர்ற ஆளும் வீட்டுலயே உட்கார்ந்துக்கும் சாமி” என்பார் ஒருவர். “துபாய்ல இருக்கிற பிள்ளைங்க பார்க்க வேண்டாமா?” என்பார் இன்னொருவர். “எங்க அம்மா படுக்கையில விழுந்து மூணு வருஷமாச்சு. அவங்களுக்குத் திருவிழாவே அந்தச் செல்போன்லதான்” என்று ஓர் அக்கா மெல்லச் சொல்வார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் கேள்வி முடியாமல் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது.

இது ஏதோ யூடியூப் வந்த பிறகு முளைத்த கேள்வி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இதற்கு ஏறத்தாழ நூறு வயது. நமக்கு முன்னால் இருந்தவர்கள் சுவரொட்டி வந்தபோதும், ஒலிபெருக்கி வந்தபோதும், வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளை இன்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

நம் சிவகாசியிலிருந்தே தொடங்கலாம். 1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில், காயவைக்கும் வெயிலே உதவியாக, அந்தத் தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டி என்று வந்தால் அதன்மேல் ஒட்ட ஒரு வண்ணப்படம் வேண்டும். அதை வெளியூரில் அச்சடித்து வாங்குவதைவிட இங்கேயே அச்சடித்தால் என்ன என்று எண்ணியதன் விளைவாக, 1920களின் இறுதியில் லித்தோ எனப்படும் கல் அச்சு சிவகாசிக்கு வந்தது. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சு, பின்னாளில் நாள்காட்டி, வாழ்த்து அட்டை, சினிமா சுவரொட்டி, கோவில் திருவிழா அறிக்கை என்று எதையும் அச்சடிக்கும் தொழிலாக வளர்ந்தது.

இன்று நமக்கு அது பழைய பொருள். அன்றைக்கு அதுதான் புதிய தொழில்நுட்பம். அதற்கு முன் ஒரு விழாவை ஊருக்கு அறிவிக்கத் தமுக்கடிப்பவரும் ஆலய மணியும்தான். மணியோசை எட்டும் தூரம்வரைதான் அழைப்பும் எட்டும். அச்சடித்த அறிக்கையோ பேருந்திலும் மாட்டுவண்டியிலும் ஏறி அடுத்த வட்டாரத்துக்கே போனது. எழுத்தறியாதவருக்கும் அதிலிருந்த புனிதரின் படம் செய்தி சொன்னது.

ஆனால் அந்தத் தாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ‘வாருங்கள்’. எழுந்து நடக்க முடிந்தவருக்கு அது போதும். வர முடியாதவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? படத்தைக் கண்ணில் ஒற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் வானொலி வந்தது. தமிழ்நாட்டில் அதன் தொடக்கம் அரசாங்கத்தால் நடந்ததல்ல, ஆர்வலர்களால் நடந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பும் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் பணமில்லாமல் நின்றுபோனது. கழகம் தன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அன்று வானொலிப் பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. எனவே மெரினா கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். கச்சேரி மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்திராதவர்கூடக் கடற்கரை மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடிந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின. பிறகு பஞ்சாயத்து ரேடியோ கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது.

திருச்சபையும் பின்தங்கி நிற்கவில்லை. வானொலியைச் செயல்வடிவாக்கிய மார்க்கோனியையே அழைத்து, வத்திக்கானில் ஒரு நிலையத்தை அமைக்கச் சொன்னார் திருத்தந்தை 11-ஆம் பயஸ். 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அறிமுகம் செய்துவைக்க, திருத்தந்தை ஒலிவாங்கியின் முன் இலத்தீனில் பேசினார். பேதுருவின் வழிவந்தவர் ஒருவரின் குரலை உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் கேட்டது அதுவே முதல்முறை. மறு ஆண்டு, 1932 ஜூனில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. நிறைவுத் திருப்பலிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பேர் கூடினார்கள். நகரத்தின் தெருக்களில் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. உரோமையில் இருந்த திருத்தந்தையின் குரல் வானொலி வழியே வந்து அந்தக் கூட்டத்துக்கு ஆசி வழங்கியது.

நூற்றுவர் தலைவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தம் பணியாளர் வீட்டில் முடங்கிக் கிடக்க, அவர் ஆண்டவரிடம் வந்தார். தம் வீட்டுக்கு ஆண்டவர் வரவேண்டியதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பினார். ஆண்டவர் சொன்னார், தூரத்திலிருந்த பணியாளர் நலம் பெற்றார். வார்த்தைக்குத் தூரம் தடையில்லை என்று ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் அறிக்கையிடுகிறோம். அந்த நம்பிக்கை உள்ளவர்கள் வானொலியைக் கண்டு அஞ்சக் காரணமில்லை.

நம் நாட்டில் இதற்கு மறக்கமுடியாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாடு பிரிந்த 1947-ஆம் ஆண்டு. வீடுவாசலை இழந்து வந்த பெருந்திரளான மக்கள் குருக்ஷேத்திரத்தில் அகதிகளாகக் கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். காந்தியடிகள் அவர்களை நேரில் பார்க்க விரும்பினார், போக முடியவில்லை. நவம்பர் 12 அன்று டெல்லி வானொலி நிலையத்துக்குச் சென்று அங்கிருந்து அவர்களுடன் பேசினார். அவர் வானொலி நிலையத்துக்குள் சென்றது வாழ்நாளில் அந்த ஒரே முறைதான். அன்று தீபாவளி. நாடெங்கும் வெடித்திருக்கவேண்டிய மகிழ்ச்சி அந்த ஆண்டு இல்லை. விளக்கேற்ற ஒரு வீடில்லாத மக்களுக்கு, வர முடியாத ஒரு முதியவரின் குரல் போய்ச் சேர்ந்தது. பட்டாசு செய்து பிழைக்கிற நம் மக்கள் அந்தத் தீபாவளியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. இன்றும் நவம்பர் 12 பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிறகு வானொலி நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். பசைக் கிண்ணம் நடுவில், ஒட்டிய பெட்டிகள் ஒருபக்கம் குவியலாக, கைகள் ஓயாமல் வேலை செய்ய, காது மட்டும் வானொலியில். கண்ணையும் கையையும் கேட்காத கருவி அது. உழைக்கிற மக்களோடு அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் கடல் கடந்து வந்து நம் ஊர்களில் தெளிவாகக் கேட்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு குரலும் பழக்கமானது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் 1969-இல் ஆசிய மக்களுக்காக வெரித்தாஸ் வானொலி தொடங்கப்பட்டது. 1976-இல் அதில் தமிழ்ப்பணி சேர்ந்தது. சிற்றலையில் முள்ளை மெல்ல நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே தமிழைத் தேடிப் பிடித்துக் கேட்ட தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. கேட்டதோடு நிற்காமல் அஞ்சலட்டை வாங்கிக் கடிதம் எழுதினார்கள், நேயர் மன்றங்களாகக் கூடினார்கள். 2018-இல் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, அந்தப் பணி இணையத்துக்கு மாறியது.

அந்த வெரித்தாஸ் என்ற பெயரோடு சேர்ந்த ஒரு நிகழ்ச்சியை நம் கேள்விக்காகவே தனியாகச் சொல்லவேண்டும். 1986 பிப்ரவரி. பிலிப்பைன்சில் சர்வாதிகாரி மார்க்கோஸ் தேர்தலில் வென்றதாக அறிவித்துக்கொண்டார். அவரை எதிர்த்துப் படைத்தலைவர்கள் சிலர் மணிலாவின் எட்சா சாலையோரப் படைமுகாம்களுக்குள் நின்றுகொண்டார்கள். பிப்ரவரி 22 இரவு, கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸ் உள்நாட்டு வானொலியில் பேசினார். வீட்டைவிட்டு வெளியே வந்து அவர்களுக்குத் துணை நில்லுங்கள், உணவு கொண்டுபோங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் வந்தார்கள். முதலில் ஆயிரங்களாக, பின்பு இலட்சங்களாக. அருள்சகோதரிகள் செபமாலையோடு பீரங்கி வண்டிகளுக்கு முன் மண்டியிட்டார்கள். மறுநாளே படையினர் வெரித்தாஸின் ஒலிபரப்புக் கோபுரத்தைத் தாக்கினார்கள். அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்குப் போய் அங்கிருந்து தொடர்ந்து பேசினார். பிப்ரவரி 25 அன்று மார்க்கோஸ் நாட்டைவிட்டே போனார்.

நேரடி ஒலிபரப்பு மக்களை வீட்டில் உட்காரவைத்துவிடும் என்பது நம் பேரவையில் எழுகிற அச்சம். அந்த நான்கு நாட்களில் நடந்தது அதற்கு நேர் எதிரானது. வானொலி கேட்டவர்கள் வானொலியை அணைக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கருவி ஒன்றேதான். அதன் வழியே ‘கேட்டுக்கொண்டிருங்கள்’ என்று சொன்னார்களா, ‘எழுந்து வாருங்கள்’ என்று சொன்னார்களா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

தொலைக்காட்சி வந்தபோது கேள்வி இன்னும் கடினமானது. 1948 கிறிஸ்துமஸ் நள்ளிரவில் பாரிசின் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து திருப்பலி நேரடியாக ஒளிபரப்பானது. மகிழ்ந்தவர்கள் பலர். கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள், அவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். நம் குருமடங்களில் இன்றும் பாடமாக இருக்கும் இறையியலார் கார்ல் ரானர், திருப்பலியைத் தொலைக்காட்சியில் காட்டவே கூடாது என்று 1950களில் எழுதினார். நற்கருணை நம்பிக்கையோடு பங்கேற்பவருக்கு உரிய மறைபொருள், யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கிற காட்சியாக அது மாறக் கூடாது என்பது அவருடைய வாதம். சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் திரையில் திருப்பலி ஓடவிடுகிற வீடுகளைப் பார்க்கிறபோது, அவர் சொன்னதை நம்மால் எளிதில் தள்ளிவிட முடிவதில்லை.

திருச்சபை அவருடைய அச்சத்தைக் காதில் வாங்கிக்கொண்டது, ஆனால் கதவை மூடவில்லை. 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். நோயாளருக்கும் வர இயலாதவருக்கும் தொலைக்காட்சி வழிபாடு தரும் நன்மையை அதில் ஏற்றுக்கொண்டார். அதே மடலில், திரையில் திருப்பலி காண்பது கடன்திருநாளில் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்றும் தெளிவாகச் சொன்னார். அதன் பின் 1958-இல் தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலரையும் கொடுத்தார். யார் அவர்? அசிசி நகரின் புனித கிளாரா. 1252-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் மற்றச் சகோதரிகள் எல்லாரும் வழிபாட்டுக்குப் போய்விட, நோயால் எழ முடியாமல் தனியே படுத்திருந்தார் கிளாரா. தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே காணவும் கேட்கவும் இறைவன் அவருக்கு அருள்செய்தார் என்பது வரலாறு.

திருத்தந்தை நினைத்திருந்தால் புகழ்பெற்ற போதகர் ஒருவரையோ பெரிய கூட்டங்களைக் கூட்டிய புனிதர் ஒருவரையோ பாதுகாவலராக்கியிருக்கலாம். அவர் ஒரு படுக்கையைக் காட்டினார். இந்தக் கருவி முதலில் யாருக்கானது என்ற கேள்விக்குத் திருச்சபை தந்த விடை அதில் இருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டபோதும், இவற்றை இறைவன் தந்த மனித அறிவின் கொடைகளாகவே வரவேற்றது. நம் மாநிலத்தில் 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி நம் வீட்டு மாடிகளில் ஆண்டெனாக்கள் முளைத்தன.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நம் மண்ணின் புனிதர் ஒருவரை வைத்து அளந்து பார்க்கலாம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி காட்டுவழியே கால்நடையாகப் போனது. கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் அது இடம்பெற்றபோது ஆண்டு 1756. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, நட்டாலத்திலும் கோட்டாற்றிலும் நம் விருதுநகர் மாவட்டத்துப் பங்குகளிலும் நாம் அதே நொடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உரோமைக்குப் போக விமானச் சீட்டு வாங்கமுடியாத ஏழை மக்களின் புனிதர் அவர். அன்றைக்கு நேரலை இல்லாதிருந்தால், அவருடைய சொந்த மக்களே மறுநாள் செய்தித்தாளில்தான் படித்திருப்பார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2020 மார்ச் 25 முதல் நாடு அடைக்கப்பட்டது. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று உலகுக்கு ஆசி வழங்கினார். சதுக்கத்தில் யாரும் இல்லை. திரைகளுக்கு முன்னால் உலகமே இருந்தது. ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறியபோது, நடந்தே போகிற நம் பாதயாத்திரை மக்கள் ஒருவரும் அங்கு இல்லை. காவி உடுத்தி விரதமிருந்தவர்கள் வீட்டிலேயே தொலைக்காட்சியின் முன் மெழுகுதிரி ஏற்றினார்கள். அந்த மாதங்களில் நேரலை இல்லாவிட்டால் நாம் என்ன ஆகியிருப்போம்!

ஆனாலும் அந்தப் பசியின் நடுவிலேயே திருத்தந்தை ஒரு எச்சரிக்கை தந்தார். ஏப்ரல் 17 அன்று தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய காலைத் திருப்பலியில், அதுவும் உலகம் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த திருப்பலியில், திரை வழியாகவே எப்போதும் வாழ்வது திருச்சபை அல்ல, இக்கட்டான காலத்தைக் கடக்கும் வழிதான் இது என்றார். தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீர் பிடித்தோம் என்பதற்காக, மழை பெய்தபிறகும் கிணற்றை மூடிவைப்பவர் உண்டா? கரிசல் மண்ணில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நேயர்களே, நேரலையின் இன்னொரு முகத்தையும் பேசாமல் போனால் இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு நாம் முழு உண்மை பேசியவர்கள் ஆகமாட்டோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை. காப்பாற்ற ஓடியவர்களும், புகையைக் கண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அதன்பிறகு கையில் செல்போன் இல்லாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. இப்போது ஓர் ஆலையில் சத்தம் கேட்டால், ஆம்புலன்ஸ் வருமுன் காணொளி வந்துவிடுகிறது. வேலைக்குப் போன மகள் எந்த அறையில் இருந்தாள் என்று தெரியாமல் தவிக்கிற தாயின் செல்போனுக்கு, யாரோ எடுத்த படத்தில் அந்த மகளின் சேலை நிறம் வந்து சேர்கிறது. இப்படி ஒரு செய்தி ஒரு தாய்க்குப் போய்ச் சேரக் கூடாது.

அதே கருவிதான் வேறு நாளில், சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருந்து விடுப்புக் கிடைக்காத மகனுக்கு, தன் தகப்பனாரின் அடக்கச் சடங்கைக் காட்டுகிறது. குழியில் ஒரு பிடி மண் போட முடியாதவன், திரையைத் தொட்டு அழுகிறான். நாம் மந்திரித்த தீர்த்தத்தைப் பெட்டியின்மேல் தெளிக்கும்போது, அந்தப் பக்கம் ஒருவன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதைப் பார்த்திருக்கிறோம். முதல் காணொளியும் நேரலைதான், இரண்டாவதும் நேரலைதான். முன்னதில் படம் பிடித்தவர் அந்தத் தாயை நினைக்கவில்லை. பின்னதில் ஒருவர் அந்த மகனை நினைத்துத்தான் செல்போனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

இப்போது மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்துக்கு வருவோம். கப்பர்நாகூமில் ஆண்டவர் இருந்த வீட்டில் கூட்டம். வாசலிலும் இடமில்லை. முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. கூரையில் ஏறி, அதைப் பிரித்து, கட்டிலை இறக்குகிறார்கள். ஆண்டவர் கூரை போயிற்றே என்று கோபிக்கவில்லை. அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார்.

வானொலி, தொலைக்காட்சி, செல்போன் எல்லாம் நாம் ஆலயக் கூரையில் பிரித்த இடைவெளிகள். பிரித்தது சரிதான். ஆனால் அந்த நான்கு பேர் கூரையைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நோயாளியைத் தெருவிலிருந்து தூக்கி வந்தவர்கள் அவர்கள், கயிற்றைக் கையில் பிடித்து அவரை ஆண்டவரின் காலடிவரை இறக்கியவர்களும் அவர்களே. கூரையில் துளை மட்டும் இருந்து, தூக்குகிற ஆள் இல்லாவிட்டால், அந்த மனிதர் தெருவிலேயே கிடந்திருப்பார்.

ஆகவே பேரவையின் கேள்விக்கு நம்முடைய பதில் இது. அறிக்கையில் நேரலை என்று போடுவோம். அதற்கான கியூஆர் கோடையும் போடுவோம். ஆனால் யாருக்காக என்பதையும் சேர்த்தே அச்சடிப்போம்: நோயாளருக்கும், முதியோருக்கும், வெளியூரில் உழைப்போருக்கும். நடக்க முடிந்தவருக்கு அந்த அறிக்கை இன்றும் ‘வாருங்கள்’ என்றே சொல்லட்டும். கேமரா பீடத்தை மறைத்துக்கொண்டு நிற்காமல், ஓரமாக ஓரிடத்தில் நிற்கட்டும். மக்கள் வேடிக்கை பார்க்கிறவர்களாக அல்ல, செபிக்கிறவர்களாகத் தெரியட்டும். தீபாவளி வேலை மும்முரத்தில், செல்போனைக் கொண்டுபோகமுடியாத ஆலைக்குள் நாளெல்லாம் சரம் பின்னிவிட்டு இரவில் வீடு திரும்புகிறவருக்காக, அன்றைய மறையுரைப் பதிவு காத்திருக்கட்டும்.

அதோடு இன்னொன்றும் செய்வோம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் படுக்கையில் இருப்போரின் பெயர்களை எழுதித் தரட்டும். எத்தனை பேர் நேரலையைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைத் திரை காட்டிவிடும். படுக்கையில் கிடந்து பார்த்தவர் யார் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். திருவிழாத் திருப்பலி முடிந்ததும், திரையில் அதைப் பார்த்த ஒவ்வொரு நோயாளரின் வீட்டுக்கும் நற்கருணை போகவேண்டும். பக்கத்து வீட்டார் இருவர் கூடவே போகவேண்டும். தூக்கி வர முடிந்தவர்களைத் தேர் வருகிற தெருமுனைவரையாவது நாற்காலியில் தூக்கி வரவேண்டும். நம் தெருக்களில் விபத்து நடந்தால், செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, காவலர்கள் காட்டிய தூரத்தில் நின்று, தேவைப்படுகிறவருக்கு இரத்தம் கொடுக்கப் போகவேண்டும்.

அந்த நான்கு பேரின் பெயரை மாற்கு எழுதவில்லை. நம்முடைய ஊரில் அவர்கள் யார் யார் என்பது இந்தத் திருவிழாவில் தெரியட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், வீட்டில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரையும், ஆலைகளில் உழைக்கும் நம் மக்கள் அனைவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.